கூட்டத்திலிருந்து வண்டியை வெளியே எடுப்பது

கண்ணு,

நீயும் பிரியாவும் புதுக் காரின் இரண்டு பக்கமும் நின்று எடுத்துக்கொண்ட படத்தை உன் அப்பா கம்பெனி கம்ப்யூட்டரில் திறந்து, செக்கிங் டேபிளில் இருந்தவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். உங்கள் கல்யாணப் பந்தல் பிரித்த குழி இன்னும் வாசலில் மூடாமல் கிடக்கிறது. அதற்குள் பெங்களூரில் வீடு பார்த்து வண்டியும் வாங்கிவிட்டாய். சந்தோஷம். பூஜை போட்டாயா, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாயா என்று உன் அத்தை கேட்கிறாள். அதையெல்லாம் அவள் போனில் கேட்டுக்கொள்வாள். நான் சொல்ல வேண்டியது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது நம் ஆம்னி வேனின் கண்ணாடி உடைந்ததும், உன் பெரியப்பாவுக்கு நெற்றியில் தையல் போட்டதும் உனக்குத் தெரியும். டவுனில் கலாட்டா, கல் விழுந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை என்று மட்டும் அப்போது சொன்னோம். உனக்குப் பரீட்சை நேரம். முழுதாகச் சொல்லியிருந்தால் அடுத்த பஸ் ஏறி வந்திருப்பாய். பிறகு நீ கேட்டபோதெல்லாம் பெரியப்பா மழையைப் பற்றியோ முருங்கைக்காய் விலையைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவார். இப்போது நீயே ஸ்டீரிங் பிடித்து, பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு, பாஷை பிடிபடாத ஊரில் ஓட்டப் போகிறாய். இனியும் பாதிக் கதை போதாது.

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. நம் பனியன் யூனிட் தொடங்கிய புதிதில் டிரைவர் சொல்லாமல் நின்றுவிடுவார். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தாக வேண்டும், பீஸ் பேக்கிங்குக்குப் போயாக வேண்டும். உன் அப்பா மிஷின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். சாவியை நான் எடுத்தேன். வீரபாண்டியில் ஒரு பெண் ஆம்னி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்து டீக்கடையே திரும்பிப் பார்த்த காலம் அது. மூலனூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, "பொம்பளையாளு வண்டியோட்டிப் பொழைக்கற நெலமையா நம்முளுது?" என்று உன் அப்பாவிடம் கேட்டார். என் காதில் விழட்டும் என்றே கேட்டார். நான் ஓட்டுவதை விடவில்லை. ஓட்டி ஓட்டி, எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எது லாரி நின்றால் அடைத்துக்கொள்ளும் என்று எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நாள் மதியத்துக்குமேல் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற முத்துமாரி கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், நம் யூனிட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான். ஊசி ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி, முனை உள்ளேயே ஒடிந்துவிட்டது. பக்கத்து டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று வண்டியை எடுத்தேன். யூனிட்டைப் பார்க்க வந்திருந்த பெரியப்பாவும், பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொள்கிறேன் என்று முன் சீட்டில் ஏறினார். என் பக்கத்தில் உட்காருவது அவருக்குச் சங்கடம்தான். துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லடம் சாலையில் டவுனைப் பார்த்துப் போகிறோம். கலவரம் என்றால் முதலில் கூச்சல் கேட்கும் என்று நினைப்போம். எனக்கு அன்று முதலில் தெரிந்தது, எதிரே வண்டிகள் வராததுதான். எந்நேரமும் பஸ்ஸும் டெம்போவுமாக வந்துகொண்டே இருக்கிற சாலையின் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்தேன். எங்கோ ரயில்வே கேட் போட்டிருப்பான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி ஒரு மருந்துக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் சாப்பிடப் போகிறார் என்று அதற்கும் ஒரு காரணம். அடுத்து ஒரு பேக்கரி, அடுத்து ஒரு செல்போன் கடை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போக மாட்டார்கள். அப்போதுதான் புத்தி விழித்தது.

நீ இதைத்தான் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். கண் உடனே பார்த்துவிடும். மனசு, அப்படியெல்லாம் இருக்காது என்று சமாதானம் சொல்லும். அந்தச் சமாதானத்தில்தான் நேரம் போகிறது. வழக்கமாக இருக்கும் ஒன்று இல்லை என்றால், காரணம் தேடிக்கொண்டு முன்னால் போகாதே. அங்கேயே வேகத்தைக் குறை. திரும்ப வழி இருக்கிறதா என்று பார். ஒன்றுமில்லாமல் போனால் லாபம்தான்.

முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றது. நான் அதை ஒட்டிப் போய் நிற்கவில்லை. அந்த இடம் சற்று ஏற்றம், பஸ் பின்னால் உருளும் என்பதால் எப்போதுமே இடம் விட்டுத்தான் நிற்பேன். முன்னால் நிற்கும் வண்டியின் பின் டயர் தரையைத் தொடுவது உன் சீட்டிலிருந்து தெரிய வேண்டும். தெரிந்தால், ஒடித்துத் திருப்ப இடம் இருக்கிறது என்று அர்த்தம். மறைந்துவிட்டால் நீ அடைபட்டுவிட்டாய். சிக்னலிலும் சரி, கூட்டம் நிற்கும் எந்த இடத்திலும் சரி, இப்படியே நில். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

பஸ்ஸிலிருந்து ஆட்கள் குதித்து இறங்கி ஓடிவந்தார்கள். அப்புறம்தான் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு முன்னால் தடிகளோடு ஒரு கூட்டம். யாரோ ஒரு தலைவரைக் கைது செய்துவிட்டார்கள் என்று வானொலியில் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்கிற வேலை அந்த நேரத்தில் நம்முடையது இல்லை.

பெரியப்பா கதவுக் கைப்பிடியில் கை வைத்தார்.

"ஹாரன அடி அம்மிணி. நான் எறங்கி என்னன்னு கேக்கறேன். நம்மூருல நம்மள ஆரு என்ன பண்ணீருவாங்க?"

உன் பெரியப்பாவை உனக்குத் தெரியும். பஞ்சாயத்தில் அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்காருவார்கள். அந்த மரியாதை எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பியிருந்தார். தடி வைத்திருக்கிறவனுக்கு நீ யார், எந்தக் குடும்பம், எத்தனை பேர் உனக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. உன் வண்டி தெரியும், அதன் கண்ணாடி தெரியும். அவ்வளவுதான்.

அதுவரை நான் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியதில்லை. அன்று சொன்னேன்.

"எறங்காதீங்க மாமா. கதவ லாக் பண்ணுங்க. முத்துமாரி, நீயும் அந்தக் கதவ நல்லா இழுத்துச் சாத்து. கண்ணாடிய ஏத்து."

குரலை உயர்த்தவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. ஆனால் கை கைப்பிடியிலிருந்து இறங்கி லாக்கை அழுத்தியது.

பின்னால் நூல் மூட்டை ஏற்றிய ஒரு மொபெட் நின்றது. ரிவர்ஸ் போட்டு மெல்லப் பின்னால் நகர்த்தினேன். மொபெட்காரர் புரிந்துகொண்டு ஒதுங்கினார். இடது பக்கம், வேஸ்ட் துணி குடோனை ஒட்டி ஒரு சந்து. பகலில் லாரி நிற்காது, மறுமுனை திறந்திருக்கும், அங்கிருந்து மண்பாதையில் மங்கலம் பக்கம் போய்விடலாம் என்பதெல்லாம் எனக்கு யோசிக்காமலே தெரியும். நீ குடியேறப் போகும் இடத்தைச் சுற்றி வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாவைக் கூட்டிக்கொண்டு சும்மா ஓட்டிப் பார். ஆபீசுக்கு ஒரு வழி தெரிந்தால் போதாது. பெரிய சாலை ஏதும் இல்லாமல் வீடு வந்து சேர இன்னொரு வழி கைக்குப் பழகியிருக்க வேண்டும். கூட்டம் சூழும் நேரத்தில் வழி தேட முடியாது.

சந்தில் பாதி தூரம் போனதும் எதிரே சில பேர் வந்தார்கள். பெரிய சாலைக்குப் போகிறவர்கள். கையில் கல். எல்லாம் நம் ஊரில் தினமும் பார்க்கிற முகங்கள்தான் கண்ணு. கட்டிங் டேபிளில் நிற்கிற மாதிரி, டீக்கடையில் வடை வாங்குகிற மாதிரி இருந்தார்கள். ஒருவன் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றினான். எனக்கு மூன்று வழி இருந்தது. நிற்கலாம். நின்றால் சுற்றிக்கொள்வார்கள். மிதித்து ஓட்டலாம். ஓட்டினால் ஓர் ஆளை இடித்துவிடுவேன், அப்புறம் அந்தக் கூட்டம் நம்மை விடாது, என் மனசும் என்னை விடாது. மூன்றாவது, நடக்கிற வேகத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது. முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு அப்படியே நகர்த்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. யார் முகத்தையும் முறைக்கவில்லை. எந்த இரண்டு பேருக்கு நடுவே இடம் இருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் பார்த்தேன். பானெட்டைப் பிடித்தவன் பின்னோக்கியே நடந்து, பிறகு பக்கவாட்டில் ஒதுங்கினான். வண்டி நிற்காது, தன்மேல் ஏறவும் ஏறாது என்று தெரிந்தால் மனிதன் ஒதுங்குவான். கூரைமேல் ஒரு தடி விழுந்தது. முத்துமாரி சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

கடைசி ஆளைத் தாண்டுகிற நேரம் பெரியப்பா பக்கத்துக் கண்ணாடி நொறுங்கியது. கல் அவர் நெற்றியை உரசிக்கொண்டு டாஷ்போர்டில் விழுந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பயத்தைவிட அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நிறுத்து அம்மிணி. எவன்னு பாக்காம உட மாட்டேன். நிறுத்துங்கறனல்ல."

"நிறுத்த மாட்டனுங்க மாமா. துண்ட வெச்சு அழுத்திப் புடிங்க."

மறுபடியும் "நிறுத்து" என்றார். நான் இரண்டாவது கியர் போட்டேன். அடித்தவனைத் திருப்பி அடிக்க வேண்டும் என்று உனக்கும் தோன்றும். நீ அந்த வம்சம்தான். வண்டிக்குள் இருக்கும்வரை உனக்கு இருக்கிற பலம் ஒன்றே ஒன்று, அந்த இடத்தை விட்டுப் போக முடியும் என்பது. இறங்கிவிட்டால் அதுவும் போயிற்று. போய்ச் சேருவதுதான் அன்றைக்கு ஜெயிப்பது.

இனி சொல்வது நான் யாரிடமும் சொல்லாதது. சந்து முடிந்து மண்பாதையில் ஏறியபோது வலது பக்கத்திலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தார். சாப்பாட்டுப் பை தோளில் ஆட, ஒரு கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அவருக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, தடியோடு நாலைந்து பேர்.

முத்துமாரி எழுந்து பார்த்துவிட்டாள். "யக்கா, ஒருத்தரு ஓடியாராருக்கா. நிறுத்துங்கக்கா, ஏத்திக்கிருவோம்."

நான் நிறுத்தவில்லை. நிறுத்தி, கதவைத் திறந்து, அவரை ஏற்றி, கதவைச் சாத்துவதற்குள் பின்னால் வருகிறவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று கண் கணக்குப் போட்டுவிட்டது. வண்டிக்குள் ரத்தம் வடிய ஒருவர், கை உபயோகப்படாமல் ஒரு பெண். அவர்களை வீட்டில் சேர்ப்பது என் பொறுப்பு. கண்ணாடியில் அவர் சின்னதாகிப் போவதைப் பார்த்தேன். அந்த ஆள் பக்கத்துத் தோட்டத்து வேலியைத் தாண்டியது வரை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். உருப்படியான பதில் கிடைக்கவில்லை. அதே இடம், அதே தூரம் என்றால் இன்றைக்கும் அதையேதான் செய்வேன். நின்றுகொண்டிருக்கும்போது ஒருவரை ஏற்ற முடிந்தால் கட்டாயம் ஏற்று. நகர ஆரம்பித்த பிறகு, உள்ளே இருப்பவர்களை வைத்து முடிவெடு. சரியான முடிவு எடுத்தால் மனசு நிம்மதியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. சரியாகச் செய்த காரியமும் சில நேரம் மனசில் கூடவே வரும். வரட்டும்.

கொஞ்ச தூரத்தில் பின் டயர் ஒன்று உட்கார்ந்துவிட்டது. கண்ணாடித் துண்டு ஏறியிருக்க வேண்டும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, கடகடவென்று சத்தம்.

"டயரு போச்சாட்டம் இருக்குது அம்மிணி," என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது.

"ரிம்மும் போகட்டுங்க. மங்கலம் போயித்தா நிக்கோணும்."

டயர் போனால் வண்டி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மெதுவாக ஓட்டினால் ஓடும். வண்டி கெட்டுப்போகும், கெடட்டும். இரும்பைக் காப்பாற்ற நினைத்து ஆளை நிறுத்திவைக்கிற முட்டாள்தனம் வேண்டாம். உன் புது வண்டியின் பெயிண்டைத் துடைக்கிற உன்னைப் படத்தில் பார்த்தேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என் கைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. உன் அப்பா என்று தெரியும். எடுக்கவில்லை. மங்கலத்தில் தறிச் சத்தம் கேட்கிற தெருவுக்குள் வந்த பிறகுதான், ஒரு டாக்டர் வீட்டு வாசலில் வண்டியை ஓரம் கட்டினேன். அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தறி ஓடுகிற சத்தத்தில் ஓர் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் கால் நடுங்க ஆரம்பித்தது. இதுவும் தெரிந்து வைத்துக்கொள். நடுக்கம் வரும், எல்லாம் முடிந்த பிறகு வரும். அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதே.

பிறகு போனை எடுத்தேன். உன் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு எங்களைத் தேடிப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "நீங்க வராதீங்க. மங்கலத்துல டாக்டரூட்டு வாசல்ல இருக்கறம். மூணு பேரும் இருக்கறம். கேட்டப் பூட்டிட்டு வேலைக்காரப் புள்ளைங்கள உள்ளயே வெச்சுக்குங்க," என்றேன். நடந்த கதையைச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் இருக்கிறோம், அவர் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். அவரும் மறுபேச்சு பேசாமல் கேட்டார். தேடப் போனவரைத் தேட இன்னொருவர் போகும்படி ஆகியிருந்தால், அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

டாக்டர் முத்துமாரியின் விரலிலிருந்து ஊசி முனையை எடுத்துத் தட்டில் போட்டார். பெரியப்பாவுக்குத் தையல் போட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா ரத்தம் பட்ட துண்டை மடித்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நான் எறங்கியிருந்தா, நீ உட்டுட்டுப் போயிருப்பியா அம்மிணி?"

"நீங்க எறங்கலீங்களே மாமா."

"அதில்ல. எறங்கியிருந்தா?"

"தெரியலீங்க. அதுக்குத்தா எறங்காதீங்கன்னு சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். முத்துமாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓடிவந்த ஆளைப் பற்றி அவள் அன்றும் கேட்கவில்லை, நம்மிடம் வேலை செய்த காலம் முழுக்கவும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் போகும்போது மட்டும், "ஒங்க வண்டியில வந்ததாலதேன் இருக்கேன்," என்றாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கடைகள் திறந்தன. பஸ் ஓடியது. பானெட்டில் கை ஊன்றியவனை அப்புறம் ஒருநாள் சாயப்பட்டறை வாசலில் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கும் சண்டை போடத் தோன்றவில்லை. ஊரை வெறுத்துக்கொண்டு ஊரில் ஓட்ட முடியாது. நான் இதையெல்லாம் எழுதுவது உன்னைப் பயமுறுத்த இல்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம் அதே சாலையில் ஓட்டியிருக்கிறேன், பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். டேங்கில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல், கதவில் லாக், முன் வண்டிக்கும் எனக்கும் நடுவே இடம், கடை ஷட்டர்களின்மேல் ஒரு கண். இவ்வளவு பழகிவிட்டால் பயம் தனியாகத் தேவைப்படாது.

பெரியப்பா வீட்டில் யாரிடமும் என்னைப் பாராட்டவில்லை. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. ஆனால் தையல் பிரித்ததுமே மூலனூரிலிருந்து தன் மருமகளை, உன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் நின்றார். "இவளுக்கும் ஓட்டச் சொல்லிக் குடு," என்றார். தோட்டத்துச் சாலையில் அவள் வண்டியை ஆட்டி ஆட்டி ஓட்டினாள். அவர் பின் சீட்டில் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டே வந்தார். 

ஆகவே உன்னிடம் நான் கேட்பது இது. பிரியாவுக்கும் ஓட்டக் கற்றுக்கொடு. அவள் ஓட்டும்போது பக்கத்தில் இருந்துகொண்டு காலால் இல்லாத பிரேக்கை மிதிக்காதே. ஆபத்து நேரத்தில் ஸ்டீரிங் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் பேச்சு என்று இருவரும் இப்போதே, நிம்மதியாக இருக்கும்போதே, பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீ ஓட்டும்போது அவள் எதையாவது பார்த்துவிட்டு "திருப்புங்க" என்றால், உடனே திருப்பு. ஏன் என்று நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுக் கேள். அவள் பார்த்தது தப்பாகவே இருந்தாலும் குறைந்தா போய்விடும்? அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு, சுற்றுவழியில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.

இப்படிக்கு, இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்
அம்மா